சொகுசுக் கார்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

வியாபாரத்தில் நாலு காசு மிஞ்சியதும் நம்மில் பலருக்கு வரும் முதல் ஆசை வீடு. இரண்டாவது ஆசை கார். அதிலும் சாதாரணக் கார் போதாது. நாலு கதவும், தோல் சீட்டும், காலை வைத்ததும் பாயும் என்ஜினும் கொண்ட ‘ஸ்போர்ட்ஸ் செடான்’ வேண்டும். பி.எம்.டபிள்யூ. 3 வரிசை, மெர்சிடிஸ் சீ வகுப்பு, ஔடி ஏ4, லெக்ஸஸ் ஐ.எஸ். என்று நமது இளம் வியாபாரிகள் பெயர்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். என்ன விலை என்று கேட்டால் அதையும் சொல்கிறார்கள். ஒரு வருடம் வைத்திருக்க என்ன செலவாகும் என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

அந்தப் பதிலை நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். 2018ஆம் ஆண்டிலிருந்து அப்படியான ஒரு கார் என்னிடம் இருக்கிறது. எனது வீடு மூதூரில். தொழில் கட்டைபறிச்சானில். களப்பில் பிடிபடும் இறாலை ஐஸ் போட்டும், நண்டை உயிரோடு கட்டியும் கொழும்புக்கு அனுப்புகிறேன். கார் ஜேர்மனியில் செய்தது. நான் வாங்கும்போது அதற்கு வயது ஆறு. இரண்டு லீற்றர் டேர்போ பெற்றோல் என்ஜின், எட்டு கியர் ஒட்டோமெட்டிக். கம்பனியின் பெயரை எழுதப் போவதில்லை. விளம்பரம் செய்வதும் குறை சொல்வதும் எனது நோக்கமல்ல. வியாபாரி வியாபாரிக்குச் சொல்லும் கணக்கு இது.

இந்த வகைக் கார் எப்படி வந்தது?

காரின் கதையிலும் நமக்கு ஒரு வியாபாரப் பாடம் இருக்கிறது. 1950களின் கடைசியில் பி.எம்.டபிள்யூ. கம்பனி மூழ்கும் நிலையில் இருந்தது. ஒரு பக்கம் மிகவும் விலை கூடிய பெரிய கார்களைச் செய்தார்கள். அவற்றை வாங்க ஆட்கள் குறைவு. மறுபக்கம் ‘இசெட்டா’ என்ற முட்டை வடிவச் சின்னக் காரைச் செய்தார்கள்; அதில் இலாபம் குறைவு. நடுவில் எதுவும் இல்லை. 1959 டிசம்பர் 9ஆம் திகதி நடந்த பங்குதாரர் கூட்டத்தில், கம்பனியை டைம்லர் பென்ஸிடம் ஒப்படைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. சிறிய பங்குதாரர்களும் விற்பனை முகவர்களும் எதிர்த்து நின்று அதைத் தடுத்தார்கள். அதன் பிறகு ஹெர்பர்ட் குவான்ட் என்ற தொழிலதிபர் தமது பணத்தைப் போட்டுக் கம்பனியைத் தூக்கி நிறுத்தினார்.

1961இல் பிராங்பர்ட் கண்காட்சியில் ‘1500’ என்ற நாலு கதவுக் காரைக் காட்டினார்கள். அடுத்த வருடம் விற்பனைக்கு வந்தது. குடும்பத்தையும் ஏற்றலாம், ஓட்டுகிறவனுக்கும் உற்சாகம் இருக்கும் என்பதுதான் அதன் சரக்கு. வேகமான கார் வேண்டுமென்றால் இரண்டு சீட்டோடு நில், குடும்பக் கார் வேண்டுமென்றால் வேகத்தை மற என்றிருந்த சந்தையில், நடுவில் கிடந்த வெற்றிடத்தை அவர்கள் கண்டுபிடித்தார்கள். கம்பனி தப்பியது. இன்று நாம் ஆசைப்படும் செடான்கள் பலவும் அந்த வழியில் வந்தவைதான்.

பாலங்களுக்குப் பின் வந்த ஆசை

நமது பக்கத்தில் இந்த ஆசைக்கே வயது குறைவு. மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சில் போன காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். தரை வழியாகப் போனால், நாம் ‘பாதை’ என்று சொல்லும் மிதவைக்காகத் துறைக்குத் துறை காத்து நிற்க வேண்டும். யுத்த நிறுத்தக் காலத்தில் கட்டைபறிச்சானில் சோதனைச் சாவடி இருந்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் நடந்தும், கிடைத்த வாகனத்தில் தொற்றியும் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தார்கள். அப்போது நல்ல கார் எது என்று யாரும் பேசவில்லை.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய இடங்களிலும் பாலங்கள் வந்தன. ரோட்டும் கார்பட் ஆனது. அதன் பிறகுதான் நமது வியாபாரிகள் ‘என்ன கார் வாங்கலாம்?’ என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஓட்டினால் எப்படி இருக்கும்?

உண்மையைச் சொன்னால், இன்பமாக இருக்கும். ஸ்டியரிங்கை ஒரு விரல் அளவு திருப்பினால் கார் ஒரு விரல் அளவுதான் திரும்பும். மிஞ்சவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. வளைவில் உடல் ஒரு பக்கம் சாயாது. முன்னால் போகும் லொறியை முந்த வேண்டுமென்றால், காலை அழுத்தியதும் மூச்சு விடுவதற்குள் முந்தியாகிவிடும்.

ஆனால் வேகம் என்று நாம் காசு கொடுத்து வாங்கும் பொருளை எங்கே செலவழிப்பது? ஜேர்மன் கம்பனிகள் பல தமது கார்களை மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் போகாதபடி தாங்களே கட்டுப்படுத்துகின்றன. நமது நாட்டில் காருக்கான எல்லை ஊர்மனைக்குள் 50, வெளியே 70, அதிவேகப் பாதையில் 100. கட்டைபறிச்சானிலிருந்து அல்லை கந்தளாய் வீதியால் ஏறி, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்கு 260 கிலோமீற்றருக்கு மேல் வரும். அதில் 100இல் போக அனுமதியுள்ள பகுதி, 2022 ஜனவரியில் திறந்த குருநாகல் மீரிகம அதிவேகப் பாதை. அது சுமார் 41 கிலோமீற்றர். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை குறுக்கே நிற்கும். அங்கே 250 ஓடும் காரும் முச்சக்கர வண்டியும் ஒரே வேகம்தான்.

ஆகவே நான் காசு கொடுத்து வாங்கியது வேகம் என்று இப்போது சொல்ல மாட்டேன். பிரேக்கும் சீட்டும் என்றுதான் சொல்வேன். ஒரு தடவை மாடு குறுக்கே பாய்ந்தபோது, கார் நேர்கோட்டில், ஒரு பக்கமும் இழுக்காமல் நின்றது. ஆறு மணித்தியாலம் ஓட்டி இறங்கினாலும் முதுகு வலிப்பதில்லை. மாதம் மூன்று, நாலு தடவை கொழும்பு போய் வருகிறவனுக்கு இவை சிறிய விடயங்கள் அல்ல.

மறுபக்கமும் உண்டு. காரின் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் இடையில் சுமார் 14 சென்ரிமீற்றர்தான். களப்போரத்து மண் ரோட்டில் கல் தட்டும் சத்தம் கேட்டால் நெஞ்சு தட்டும். டிக்கியில் இறால் பெட்டி வைக்க முடியாது. ஒரு நாள் வைத்தால் ஒரு மாதம் மணக்கும். எனது உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். இவ்வளவு தாழ்வான சீட்டிலிருந்து எழும்ப இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். “எனக்கு அந்த வேனே போதும் மகன்” என்று சொல்லிவிட்டார்.

பாலத்தடியில் கார் நின்றால்

இனி வியாபாரத்துக்கு வருவோம். நல்ல கார் இருந்தால் நாலு பேர் மதிப்பார்கள், மதிப்பு இருந்தால் வியாபாரம் வளரும் என்று சொல்வார்கள். எனது அனுபவத்தில் இது பாதி உண்மை.

கொழும்பில் பெரிய கட்டடங்களின் வாசற் கதவு உடனே திறக்கிறது. அது உண்மை. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, நண்டு வாங்கும் கம்பனி எனக்குத் தரும் விலை ஒரு ரூபாவும் கூடவில்லை. அவர்கள் காசு தரும் தவணையும் ஒரு நாள் கூடக் குறையவில்லை. சரக்கின் எடையும் உயிரும்தான் அங்கே பேசும்.

கட்டைபறிச்சானில் கார் வேறு மாதிரிப் பேசியது. முதல் வாரம் பாலத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு விலை பேசினேன். ஒரு தோணிக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “முதலாளி, இந்தக் காரில வந்து எங்கட நண்டுக்கு இருபது ரூபா குறைக்கிறது சரியா?” கேள்வி நியாயமானது. விடியற்காலை கழுத்தளவு தண்ணீரில் நின்றவர் அவர். அன்றிலிருந்து வாடிக்கு மோட்டார் சைக்கிளில்தான் போகிறேன். யாரையும் ஏமாற்றுவதற்காக அல்ல. அவரது உழைப்புக்கு விலை பேசும் இடத்தில் எனது ஆடம்பரம் நடுவில் நிற்கக் கூடாது என்பதற்காக.

இன்னொன்றும் நடந்தது. எனக்குக் காசு தர வேண்டியவர்கள் தாமதிக்கத் தொடங்கினார்கள். “உங்களுக்கென்ன அவசரம்” என்ற வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கைமாற்றுக் கேட்டு வருபவர்களும் கூடினார்கள். ஆகவே கார் தரும் மதிப்பை வரவில் எழுதுகிறவர்கள், இவற்றைச் செலவில் எழுத மறக்கக் கூடாது.

செலவுக் கொப்பி

காருக்கென்று தனிக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். அதிலுள்ள முக்கியமான தலைப்புகள் இவை:

பெற்றோல்: நீண்ட ஓட்டத்தில் லீற்றருக்கு 12 கிலோமீற்றர், ஊருக்குள் 8. இந்த வகை என்ஜினுக்கு 95 ஒக்டேன் போடச் சொல்கிறார்கள். எல்லாப் பெற்றோல் செட்டிலும் 92 கிடைக்கும், 95 கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் பயணம் போக வேண்டும்.

டயர்: இந்த வகைக் கார்கள் பலவற்றில் மேலதிக டயர் கிடையாது. காற்றுப் போனாலும் ஓடக்கூடிய ‘ரன் பிளாட்’ டயர் போட்டிருப்பார்கள். காற்று இல்லாமல் சுமார் 80 கிலோமீற்றர் தூரம், 80இக்கு மேற்படாத வேகத்தில் போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அளவு டயர் ஊர்க் கடையில் இருக்காது. விலையும் சாதாரண டயரைவிடக் கூட. சுவர் தடிப்பான டயர் என்பதால் பள்ளத்தில் விழும்போது அடியும் கூடுதலாகத் தெரியும்.

பழுது பார்த்தல்: கம்பியூட்டர் போட்டுப் பார்க்காமல் இந்தக் காரில் கை வைக்க முடியாது. எங்கள் ஊர் கராஜ்காரர்கள் திறமைசாலிகள். ஆனால் அதற்குரிய கருவியும் உதிரிப்பாகமும் கொழும்பில் இருக்கின்றன. உதிரிப்பாகம் வெளிநாட்டுக் காசில் வருவது. 2022 ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அந்த வருடம் மே மாதம் 360 ரூபாவைத் தொட்டது. எனது நண்டு விலையும் கூடியது. ஆனால் காரின் செலவு நண்டுக்காகக் காத்திருக்கவில்லை.

காப்புறுதி: காரின் சந்தை விலை ஏறினால் காப்புறுதித் தொகையையும் ஏற்ற வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு கோடி பெறுமதியான காரை ஒரு கோடிக்குக் காப்புறுதி செய்து வைத்திருந்து, பத்து இலட்சத்துக்குச் சேதம் வந்தால், ஒப்பந்தத்தில் சராசரி நிபந்தனை இருக்குமானால் ஐந்து இலட்சம்தான் கிடைக்கும். பத்திரத்தை வாசித்துப் பாருங்கள்.

இவையெல்லாம் சேர்த்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எவ்வளவு கொடுக்கிறேனோ, அதே தொகையை வேறொரு வங்கிக் கணக்கில் போடுகிறேன். டயர், சேவிஸ், பழுது எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான். சில வருடம் மிஞ்சும். சில வருடம் மட்டுமட்டாக வரும். எந்த வருடமும் கடையின் கல்லாவைத் தொட்டதில்லை.

விலை ஏறிய கார் இலாபமா?

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. புதிய வாகனம் வராததால் பழையவற்றின் விலை ஏறத் தொடங்கியது. நான் வாங்கிய விலையைப்போல் இரு மடங்கு தருவதாகப் புரோக்கர்மார் பேசினார்கள். ‘கார் ஒரு முதலீடு’ என்ற வார்த்தை அப்போதுதான் ஊரில் பரவியது.

அதை நான் நம்பவில்லை. எனது காரை இரண்டு மடங்குக்கு விற்றால், அதே மாதிரி இன்னொரு காரை வாங்கவும் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். கார் இல்லாமல் இருக்கத் தயாரானவனுக்கு மட்டுமே அது இலாபம். மற்றவர்களுக்கு அது கடதாசியில் எழுதிய எண். அந்த எண்ணுக்காகக் காப்புறுதியைக் கூட்டிக் கட்டியது மட்டும் உண்மைக் காசு.

2022 அந்தக் கடதாசி எண்ணையும் சோதித்துப் பார்த்தது. 2021 டிசம்பரில் 207 ரூபாவாக இருந்த 95 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூனில் 550 ரூபா ஆனது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது எல்லாக் காருக்கும் கிழமைக்கு 20 லீற்றர்தான். பக்கத்து வீட்டு ஆசிரியரின் சின்ன ஆல்டோவுக்கும் 20, எனது காருக்கும் 20. அவர் அதில் 350 கிலோமீற்றர் ஓடினார். எனக்கு 240. ஒரு வழிக்குக் கூடக் கொழும்பு எட்டவில்லை. அந்த மாதங்களில் கார் வீட்டில் நின்றது. லொறிக்குக் கிடைத்த டீசல்தான் எங்கள் வீட்டு அடுப்பை எரித்தது.

2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் தனியார் கார் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. சுங்கத் தீர்வை, என்ஜினின் கன அளவைக் கொண்டு கணக்கிடும் உற்பத்தித் தீர்வை, குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட கார்களுக்குச் சொகுசு வரி, அவற்றோடு 18 வீத வற் வரி என்று எல்லாம் சேருகின்றன. இன்று ஒருவர் புதிய சொகுசுக் கார் வாங்கினால், கொடுக்கும் பணத்தில் பெரும் பங்கு வரிக்குத்தான் போகிறது. இறக்குமதி நின்றால் ஏறும், திறந்தால் தளரும், வரி மாறினால் மீண்டும் ஆடும். இப்படி ஒரு வர்த்தமானியில் மாறக்கூடிய விலையை நம்பி முதல் போடுவது வியாபாரிக்கு அழகல்ல.

ஒரு நண்பரின் கதை

பெயர் சொல்லாமல் ஒன்றைச் சொல்கிறேன். எனது தொழிலில் எனக்கு மூத்தவர், களப்பை என்னைவிட நன்கு தெரிந்தவர். 2019இல் இதே வகைக் கார் ஒன்றை லீசிங்கில் எடுத்தார். மாதத் தவணை அவரது நல்ல மாதத்து வருமானத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. 2020 ஒக்டோபரில் கொரோனாவினால் பேலியகொட மீன் சந்தை மூடப்பட்டது. சரக்கு தேங்கியது. தவணைக்குச் சலுகைக் காலம் கிடைத்தது. ஆனால் தவணை இரத்தாகவில்லை, பின்னுக்குப் போனது. 2022இல் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது.

எங்கள் தொழிலில் தோணிக்காரருக்கு அன்றன்றைக் காசு அன்றன்றே கொடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து எமக்குக் காசு வர இரண்டு, மூன்று கிழமை ஆகும். அந்த இடைவெளியைத் தாங்கும் பணம்தான் தொழிலின் உயிர். நண்பர் தவணையைக் கட்டுவதற்காகத் தோணிக்காரரின் காசை ஒரு கிழமை பிந்தினார். பிறகு இரண்டு கிழமை. மூன்றாவது கிழமை தோணிகள் வேறு ஒருவரிடம் போயின. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். கடைசியில் காரையும் கம்பனி எடுத்துக்கொண்டது. வேறு கார் ஒன்றை அவர் எப்போதாவது வாங்கலாம். இருபது வருடமாகச் சேர்த்த தோணிகள் திரும்பி வரவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹலாலாக உழைத்த காசில் நல்ல பொருளை அனுபவிப்பதில் தவறில்லை. சில விடயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உழைக்கும் வாகனம் முந்த வேண்டும். நான் முதலில் குளிரூட்டிய லொறி வாங்கினேன். அதன் கடன் தீர்ந்து ஐந்து வருடம் சேமித்த பிறகே கார். மத்திய வங்கி கூட, தனியார் காருக்குக் கொடுக்கக்கூடிய கடன் விகிதத்தை வர்த்தக வாகனத்துக்குரியதைவிடக் குறைவாகத்தான் வைத்திருக்கிறது. வருமான வரியிலும் லொறிக்குக் கிடைக்கும் தேய்மானக் கழிவு சொந்தக் காருக்குக் கிடைப்பதில்லை. உங்கள் கணக்காளரிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, தவணையை நல்ல மாதத்து வருமானத்தோடு ஒப்பிட வேண்டாம். கடந்த ஐந்து வருடத்தில் மிக மோசமான மாதம் எதுவோ அதோடு ஒப்பிடுங்கள். லீசிங் என்றாலும் சரி, வட்டி இல்லாத இஜாரா என்றாலும் சரி, மார்க்க ரீதியில் இரண்டும் வேறு. ஆனால் திகதி வந்ததும் காசு கட்ட வேண்டியது இரண்டிலும் உண்டு.

மூன்றாவது, தொழிலில் சுழலும் பணத்தைத் தொட வேண்டாம். தொழிலை விட்டு வெளியே வந்து, ஒரு வருடமாவது தேவைப்படாமல் சும்மா கிடந்த பணம்தான் கார் வாங்கும் பணம்.

நான்காவது, வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய சொகுசுக் கார் மலிவாகக் கிடைத்தாலும் அதன் உதிரிப்பாகம் மலிவாவதில்லை. வாங்க முன்பு, அந்தக் காரோடு சம்பந்தமில்லாத ஒரு கராஜில் கம்பியூட்டர் போட்டுப் பார்த்து, சேவிஸ் பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, யாருக்காக வாங்குகிறோம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குக் காட்டுவதற்காக வாங்கினால், ஊர் இரண்டு கிழமைதான் பார்க்கும்; செலவு வருடக் கணக்கில் தொடரும். ஓட்டும் இன்பத்துக்காக வாங்கினால், சுபஹுக்குப் பிறகு வெறிச்சோடிக் கிடக்கும் அல்லை ரோட்டில் அறுபதில் போகும்போதும் அது கிடைக்கும். எனக்குக் கிடைக்கிறது. அன்று மாலை தோணிக்காரரின் காசும் அவர் கையில் இருக்கும்.